வெளியாளுக்குத் தெரியாத ஊர்

4 ஜூன், ஒரு வாசகரின் கேள்வி

"ஊருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மாய உலகம் பற்றிய இளையோர் நாவல்கள் வரிசையாக ஆறு படித்துவிட்டேன். எல்லாம் ஒரே அச்சு. பதினைந்து பதினாறு வயசுப் பெண், அம்மா மறைத்து வைத்த ரகசியம், திடீரென்று முளைக்கும் அழகான பையன். அந்த உலகம் ஏன் மறைந்தே இருக்க வேண்டும் என்று ஒரு புத்தகமும் உருப்படியாகச் சொல்லவில்லை. ஆளுக்கொரு கேமரா போன் இருக்கிற காலத்தில் இது எடுபடுமா?"

4 ஜூன், இரவு

அச்சு ஒன்றுதான். அதில் சண்டைக்கு வரமாட்டேன். துப்பறியும் கதை என்றால் ஒரு பிணம் விழுந்தாக வேண்டும், இந்தக் கதை என்றால் ஒரு திரை விலகியாக வேண்டும். ஆனால் மறைப்புக்குக் காரணமே இல்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாது. இந்த வகையில் மறைப்புதான் கதை. ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் அப்புறம்தான்.

'சிட்டி ஆஃப் போன்ஸ்' (கசாண்ட்ரா கிளேர், 2007) தொடக்கத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். நியூயார்க்கில் ஒரு நடன கிளப். உடம்பெல்லாம் கோடு கோடாய் வரைந்த மூன்று பேர், நீலத் தலைமுடிப் பையன் ஒருவனை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய்க் கொல்கிறார்கள். கதாநாயகி கிளாரி பார்த்துவிடுகிறாள். அவளுடைய நண்பன் சைமன் காவலாளியைக் கூட்டிக்கொண்டு ஓடி வருகிறான். அவர்கள் கண்ணுக்கு அறையில் கிளாரி ஒருத்திதான் நிற்கிறாள். கொன்றவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள், அவர்களுக்குத் தெரியவில்லை.

எத்தனை தடவை படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுவேன். அவளுக்கு அப்போது கொலைகாரர்களைவிட சைமனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பெரிய கஷ்டம். பார்த்ததைச் சொன்னால் பைத்தியம், சொல்லாவிட்டால் பொய். அந்த வயசில் எனக்கு இது நன்றாகத் தெரிந்த இடம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

5 ஜூன், காலை

கேமரா போன் கேள்வி நல்ல கேள்விதான். 'சிட்டி ஆஃப் போன்ஸ்' வந்தது 2007 மார்ச், முதல் ஐபோன் விற்பனைக்கு வந்தது அதே வருஷம் ஜூன். எல்லார் பையிலும் ஒரு கேமரா இருக்கும் உலகத்துக்கு முந்தின மாதங்களில் வெளியான புத்தகம் அது.

ஆனால் கேமராவால் என்ன ஆகிவிடும்? 'தி லைட்னிங் தீஃப்' (ரிக் ரியோர்டன், 2005) கதையில் கண்ணை மறைப்பது மூடுபனி. அது எதையும் காணாமல் அடிப்பதில்லை. பார்த்தவர் மனசு ஏற்கிற மாதிரி வேறொன்றைக் காட்டிவிடும். பள்ளிச் சுற்றுலாவில் கணக்கு டீச்சர் மிசஸ் டாட்ஸ் இறக்கை முளைத்த ராட்சசியாகிப் பெர்சி மேல் பாய்கிறார், அவன் கையில் பொடியாகிறார். வெளியே வந்து கேட்டால் அப்படி ஒரு டீச்சரே கிடையாது என்கிறார்கள். மிசஸ் கெர் என்று வேறொருவர் பெயரைச் சொல்கிறார்கள். பெர்சி தன் நண்பன் குரோவரிடம் கேட்கிறான். "யாரு?" என்கிறான் குரோவர். ஆனால் அதற்கு முன் ஒரு நொடி தயங்குகிறான், பெர்சி முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்.

மொத்தப் பள்ளியும் ஒரே குரலில் இல்லை என்கிறபோது, அந்த ஒரு தயக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் பையன் தன் நிதானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறான். வீட்டில் பெரியவர்கள் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் கண்டுபிடிப்பதும் இப்படித்தான், அந்த ஒரு நொடியை வைத்து.

ஆகவே, எப்படி மறைத்தார்கள் என்று கேட்டால் கதைக்கு வெளியே நின்றுவிடுவோம். மறைப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆறு புத்தகமும் ஆறு விதமாகத் தெரியும்.

5 ஜூன், மாலை

யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்கு முதல் உதாரணம் கிளாரியின் அம்மா ஜோஸ்லின். கிளப்பில் அந்தப் பையனைக் கொன்றவர்கள் அரக்கர்களை வேட்டையாடும் கூட்டம், அதைவிட்டு ஓடிவந்தவள். மகளும் அதில் விழக்கூடாது என்று மேக்னஸ் பேன் என்ற மந்திரவாதியிடம் கூட்டிப்போய் ஒரு தடவை கண்ணைக் கட்டிவிடுகிறாள், அந்த உலகம் தெரியாதபடி. எந்தத் தாயும் செய்யக்கூடியதுதான். இதைப் போய் வில்லத்தனம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

6 ஜூன்

நேற்று எழுதியதில் தப்பு. ஒரு தடவை இல்லை. நள்ளிரவில் எழுந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். மந்திரம் தேய்ந்துபோகும், அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூட்டிப்போய்ப் புதுப்பிக்கிறாள்.

இது சின்னத் திருத்தம் இல்லை, என் வாதத்தையே புரட்டிப் போடுகிறது. ஒரு தடவை என்றால் பயத்தில் செய்தது. திரும்பத் திரும்ப என்றால், ஒவ்வொரு தடவையும் மகள் எதையோ பார்த்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அதை அவளிடமிருந்து பிடுங்கியிருக்கிறாள் அம்மா. குட்டிப் பெண் ஒருத்தி "அம்மா, அங்க பாரு" என்று கையை நீட்டுகிறாள். அடுத்த வாரம் அப்படிக் கை நீட்டியதே அவளுக்கு ஞாபகம் இல்லை. புத்தகம் இதைக் காட்சியாகக் காட்டவில்லை, நான்தான் நினைத்துப் பார்க்கிறேன். நினைத்த பிறகு விடவில்லை.

பதினாறு வயசில் படித்தபோது அந்த அத்தியாயம் எனக்கு வெறும் திருப்பம், 'அட!' என்று பக்கத்தைப் புரட்டினேன். இப்போது வயிற்றைப் பிசைகிறது. அந்த மறைப்புக்கு விலை கொடுத்தது ஜோஸ்லின் இல்லை, கிளாரி.

9 ஜூன்

இதற்கு நேர் எதிரில் நிற்பவள் பெர்சியின் அம்மா சாலி. பெர்சி கடல் கடவுளின் பிள்ளை. அந்த வாடை அரக்கர்களை இழுக்கும். அதை அமுக்க சாலி என்ன செய்தாள்? கேப் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். குடி, சீட்டாட்டம், நாற்றம். அந்த மனித நாற்றத்தில் பையனின் வாடை அமுங்கிப்போகும் என்று வருஷக்கணக்கில் அவனோடு குடித்தனம் நடத்தினாள். பையனுக்கோ அம்மா ஏன் இந்த ஆளைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று அவள் மேலேயே எரிச்சல். குரோவர் சொல்லித்தான் அவனுக்குக் காரணம் தெரியும்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு எழுதிய சாகசக் கதைக்குள் ரியோர்டன் இவ்வளவு கனத்தை வைத்திருக்கிறார். படிக்கிற பிள்ளை அதைச் சிரிப்போடு தாண்டிப் போய்விடும். பெரியவளாகித் திரும்பி வரும்போதுதான் அங்கே தடுக்கும்.

9 ஜூன், இரவு

"அம்மா தியாகம் என்று புல்லரிக்காதீர்கள், அதுவும் ஒரு அச்சுதான்" என்று ஒருவர். நியாயமான பேச்சு. ஆனால் சாலி கதை தியாகத்தோடு முடியவில்லை. பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை வீட்டில் வைத்துவிட்டு பெர்சி முடிவை அம்மா கையில் விடுகிறான். கேப் கல்லாகிறான். அந்தக் கல்லை 'சீட்டாடுகிறவன்' என்ற சிற்பமாக விற்றுப் புது வீட்டுக்கு அட்வான்ஸும், காலேஜில் சேர முதல் செமஸ்டர் கட்டணமும் தேற்றிக்கொள்கிறாள். கொடுத்த விலையை வசூலித்துவிடுகிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அங்கேதான்.

12 ஜூன்

இதெல்லாம் 'ட்வைலைட்' (2005) என்ற ரத்தக்காட்டேரிக் காதல் கதையின் அலையில் வந்தது என்று யாரோ போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. எல்ஃப் என்கிற மாய மனிதர்களின் உலகத்து எல்லையில் இருக்கும் நகரத்துக்கு வீட்டைவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் பற்றிய 'பார்டர்லேண்ட்' தொகுப்பு 1986. அந்த ஊரில் மந்திரமும் அரைகுறை, மின்சாரமும் அரைகுறை. எம்மா புல்லின் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' 1987, மினியாபொலிஸில் ராக் பேண்டில் பாடும் ஒரு பெண்ணை மாயக் கூட்டத்தார் தங்கள் போருக்கு இழுத்துப் போகிறார்கள். ஒரு மனுஷி களத்தில் இருந்தால்தான் சாவா வரம் பெற்ற அவர்களும் சாக முடியும். அவள் சாகக்கூடியவள் என்பதுதான் அவர்கள் போருக்கு அர்த்தம் தருகிறது. யார் விலை என்ற கேள்வி அங்கேயே இருக்கிறது. ஹோலி பிளாக்கின் 'டைத்' 2002. அதில் தான் மாயக் கூட்டத்தார் மாற்றி வைத்த குழந்தை என்று ஒரு பெண்ணுக்குத் தெரியவருகிறது. அப்படியானால் அசல் குழந்தை எங்கே? அந்தக் கேள்விக்காகவே அதைத் தேடிப் படிக்கலாம்.

15 ஜூன்

பிறகு எழுதுகிறேன் என்று 4ஆம் தேதி சொன்னது.

எனக்குப் பதினாலு வயசு. ஊசி தேடித் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தேன். பொத்தான் போட்டு வைக்கிற தகர டப்பா. பொத்தான்களுக்கு அடியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை இரண்டு, எட்டாக மடித்த துண்டுத்தாள் ஒன்று. பிரித்தால் பொடி எழுத்து. வலிப்பு நோய்க்கான மாத்திரை. நாலு தடவை படித்தேன். அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் அம்மா பேனாவால் தேதி குறித்திருந்தாள். நேற்றைய தேதி வரைக்கும் இருந்தது.

அண்ணனிடம் போய் "அப்பாவுக்கு என்னண்ணா?" என்றேன். "ஒண்ணுமில்லையே" என்றான். அதற்கு முன் ஒரு நொடி. குரோவரைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்தது இதனால்தான்.

இரண்டு வருஷமாக நடந்திருக்கிறது. அப்பா பார்த்துவந்த வேலைக்கு இது தெரியக்கூடாது, தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள். அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. "அவ வாய் நிக்காது" என்று முடிவு. எனக்கு வலித்தது நோய் இல்லை, அண்ணனுக்குத் தெரியும் என்பதுதான். அதே வீட்டில், அதே பாயில், நான் மட்டும் வெளியாள்.

யோசித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்திருக்கிறது. அப்பா குளிக்கும்போது தாழ்ப்பாள் போடமாட்டார். அம்மா கட்டிலின் வெளிப்பக்கம் படுப்பாள். தன் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குப் போனவள் ராத்திரி தங்காமல் கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். அம்மாவுக்கு எப்போதும் அவசரம் என்று நானாக ஒரு காரணம் செய்துவைத்திருந்தேன். மூடுபனி செய்கிற வேலை அதுதான். யாரும் என் கண்ணைக் கட்டவில்லை, நானே எனக்கு ஏற்கிற மாதிரி ஒன்றைப் பார்த்துக்கொண்டேன்.

16 ஜூன்

விசாரித்தவர்களுக்கு: அப்பா நன்றாக இருக்கிறார். வலிப்பு வந்து பல வருஷம் ஆகிறது.

அம்மாவிடம் பிற்பாடு ஒருநாள் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "சொல்லியிருந்தா நீயும் ராத்திரி தூங்கியிருக்க மாட்டே. ஒருத்தி முழிச்சிருந்தா போதாதா?" என்றாள்.

அதனால் ஜோஸ்லின் மேல் 6ஆம் தேதி காட்டிய கோபத்தில் பாதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பாதிதான். என் அம்மா என்னிடம் சொல்லாமல் இருந்தாள், நான் கண்டுபிடித்ததை அழிக்கவில்லை. டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதைப் பிடுங்கிக்கொண்டு "அது வேற யாருதோ" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் மன்னித்திருக்க மாட்டேன்.

20 ஜூன்

தமிழில் இப்படி ஒன்று ஏன் எழுதக்கூடாது என்று கேட்டவருக்கு. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன், நாற்பது பக்கம் ஆகியிருக்கிறது. மாட்டிக்கொண்ட இடங்கள் எல்லாம் சொல்லில்தான்.

கண்ணை மறைக்கும் மாயத்துக்குக் கஷ்டமே இல்லை. 'கண்கட்டு' இருக்கிறது, அதைவிடப் பொருத்தமாக எந்த மொழியிலும் கிடைக்காது. ரகசியம் தெரியாத சாதாரண ஆளை என்ன சொல்வது என்பதில்தான் இழுபறி. 'சாமானியர்' என்றால் மேடைப் பேச்சு. 'மானிடர்' என்றால் புராண நாடகம். கிளேர் கதையில் 'மண்டேன்' என்று அந்தக் கூட்டம் சொல்லும்போது அதில் ஒரு இளக்காரம் உண்டு. நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்' (2011) கதையில் மந்திரம் தெரிந்தவர்கள் சிறுத்தைகள், தெரியாதவர்கள் ஆட்டுக்குட்டிகள். எனக்கு வாய்த்தது 15ஆம் தேதி எழுதும்போது தானாக விழுந்த சொல்: வெளியாள். "வெளியாள் காதுக்குப் போகக்கூடாது" என்று என் வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பேன். இளக்காரம், பயம், பாசம் மூன்றும் அதில் ஒன்றாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் நீ, நீங்கள். 'ட்வைலைட்' எட்வர்ட் 1901இல் பிறந்தவன், 1918இல் பதினேழு வயசோடு நின்றுபோனவன். வகுப்பில் பெல்லா பக்கத்தில் உட்காருகிறான். ஆங்கிலத்தில் ஒரே 'யூ' போதும். தமிழில் அவளோடு படிக்கிற பையன் என்றால் நீ, நூறு வயசுக்காரர் என்றால் நீங்கள். அவள் உண்மையைத் தெரிந்துகொள்ளும் அத்தியாயத்தில் வாய் எதற்குத் தாவும்? என் கதையில் நானூறு வயசுப் பெண் ஒருத்தி, பார்வைக்குப் பதினெட்டு. கதாநாயகி அவளை "வாடி" என்றே கூப்பிட்டுப் பழகியவள். உண்மை தெரிந்த மறுநாள் அவள் வாயில் 'வாங்க' வருகிறது. அந்தப் பெண் அழுதுவிடுகிறாள். நானூறு வருஷத்தில் அவளை 'வாடி' என்று கூப்பிட்ட ஒரே ஆள் போய்விட்டாளே.

இதை எழுதிய அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

21 ஜூன்

மாய உலகம் ஊருக்குள் ஒளிந்திருப்பது வெளிநாட்டுச் சரக்கு என்கிறவர்கள் பூம்புகார் நகரத்தை மறந்துவிட்டார்கள். சிலப்பதிகாரத்தில் அந்த நகரத்துக்குள் ஐந்து மன்றங்கள். திருடனைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று, மூழ்கினால் ஊனம் தீரும் குளம் ஒன்று, பொய்த் தவசியையும் பொய்ச் சாட்சி சொன்னவனையும் பாசக்கயிற்றால் கட்டி அடித்து விழுங்கும் பூதம் நிற்கிற சதுக்கம் ஒன்று. கடைத்தெருவும் திருவிழாவும் நடக்கிற அதே ஊர்.

மணிமேகலை இன்னும் நெருக்கம். ஊரார் எல்லாரும் 'சுடுகாட்டுக் கோட்டம்' என்று சொல்கிற இடத்தை மணிமேகலா தெய்வம் 'சக்கரவாளக் கோட்டம்' என்கிறது. மணிமேகலையின் தோழி சுதமதி கேட்கிறாள்: இந்தப் பெயரை நீயும் அந்த விஞ்சையனும் (வானில் திரியும் வித்தியாதரன்) மட்டும்தான் சொல்கிறீர்கள், என்ன காரணம்? இடம் ஒன்று, பெயர் இரண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று, வெளியாளுக்கு ஒன்று. தெய்வம் கதையைச் சொல்லச் சொல்லச் சுதமதி தூங்கிப்போகிறாள். அவள் எழுவதற்குள் மணிமேகலையை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிக்கொண்டு போயாயிற்று. தெய்வமே திரும்பி வந்து எழுப்பிச் சொன்னால்தான் தோழிக்குத் தெரியும். சைமன் நிற்கிற அதே இடம்தான்.

21 ஜூன், சேர்க்கை

ஐந்தில் கடைசி மன்றத்தை எழுத விட்டுப்போயிற்று. பாவை மன்றம். அரசன் நீதி தவறினால் வாய் திறக்காமல் கண்ணீர் வடிக்கும் சிலை. 'பாவை நின்று அழூஉம்' என்று இளங்கோ. 'ஷேடோஷேப்பர்' (டேனியல் ஹோசே ஓல்டர், 2015) தொடக்கத்தில் புரூக்ளின் சுவரில் வரைந்த ஒரு செத்த மனிதரின் முகம் கண்ணீர் விடுகிறது, சியரா என்ற பெண் பார்த்துவிடுகிறாள். படித்த நிமிஷமே பாவை மன்றம் ஞாபகம் வந்தது. அங்கே தவறு செய்தவர் சியராவின் சொந்தத் தாத்தா. ஆவிகளை ஓவியத்துக்குள் இறக்கும் கலையைப் பெண் என்பதற்காகவே பேத்திக்குச் சொல்லாமல் விட்டவர். அம்மாவும் வாய் திறக்கவில்லை. இது அன்பால் மறைத்தது இல்லை. எல்லா மறைப்பையும் பாசக் கணக்கில் எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இதையும் இங்கே சேர்க்கிறேன்.

27 ஜூன்

'அகாட்டா விட்ச்' பற்றி ஒரு வரியில் தாண்டிப்போனது சரியில்லை. நைஜீரியாவில் நடக்கிறது. சன்னிக்குப் பன்னிரண்டு வயசு, நியூயார்க்கில் பிறந்தவள், தோல் வெளுப்பு உள்ளவள், அதனால் வெயிலுக்கு ஆகாது. அங்கே மறைப்பது பிள்ளை, தெரியாமல் இருப்பது பெற்றோர். ராத்திரியில் மந்திரம் படிக்கப் போகிறவள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த உலகத்தின் காசு. ஏதாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் வானத்திலிருந்து உலோகத் துண்டுகள் விழும், அதில் செம்புக்குத்தான் மதிப்பு அதிகம். அறிவு சேரச் சேரச் செல்வம் சேர்கிறது, ஆனால் அம்மாவிடம் காட்ட முடியவில்லை. நல்ல மார்க் வாங்கிவிட்டு அதை வீட்டில் சொல்ல முடியாத பிள்ளையின் முகம் அது.

2 ஜூலை

அக்கா மகள் 'சிட்டி ஆஃப் போன்ஸ்' ஆரம்பித்திருக்கிறாள். நான் கொடுக்கவில்லை, என் அலமாரியிலிருந்து அவளே எடுத்தது. பதிமூன்று வயசு. நேற்று ராத்திரி போன்.

"சித்தி, அவ அம்மாவுக்கு எல்லாம் தெரியும்தானே?"

எந்தப் பக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டேன். மந்திரவாதி வீட்டு அத்தியாயம் வர இன்னும் நிறையப் பக்கம் இருக்கிறது.

"படி" என்றேன்.

"நீங்க யோசிச்சிட்டு சொல்றீங்க சித்தி. அப்போ தெரியும்" என்று வைத்துவிட்டாள்.